மதச்சார்பற்ற பொதுவெளியில் கிறிஸ்தவப் பண்டிகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் இன்று இரண்டு நாட்காட்டிகளில் இடம்பெற்றிருக்கின்றன. ஒன்று திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு. மற்றொன்று அரசும் கல்வி நிலையங்களும் வணிகமும் பின்பற்றும் பொது நாட்காட்டி. நாள் ஒன்றாக இருந்தாலும் அந்த நாளில் செய்யப்படுவது ஒன்றாக இருப்பதில்லை. விசுவாசிகளிடையே எழும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இந்தப் பண்டிகைகளை ஆசரிக்கும்படி வேதாகமம் கட்டளையிடுகிறதா?

இல்லை. லேவியராகமம் 23ஆம் அதிகாரம் பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை முதலியவற்றை இஸ்ரவேலருக்கு நாள் குறித்துக் கட்டளையிடுகிறது. அதைப் போல, இயேசு பிறந்த நாளையோ உயிர்த்தெழுந்த நாளையோ ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும் என்று சொல்லும் வசனம் புதிய ஏற்பாட்டில் ஒன்றும் இல்லை. வாரத்தின் முதல் நாளில் சீடர்கள் அப்பம் பிட்கும்படி கூடினார்கள் என்று அப்போஸ்தலர் 20:7 சொல்கிறது. ஆண்டுப் பண்டிகையைப் பற்றி அங்கே பேச்சில்லை.

ஆயினும் கட்டளை இல்லை என்பதாலேயே ஒன்று விலக்கப்பட்டதாகிவிடாது. யூதர்களின் பூரீம் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. எஸ்தரின் நாட்களில் அழிவுக்குத் தப்பிய மக்கள் தாங்களே அதை ஏற்படுத்திக்கொண்டார்கள். யூதக் கிளர்ச்சியாளர்களான மக்கபேயரின் காலத்தில் தோன்றிய ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் அவ்வாறே வந்தது. அந்தப் பண்டிகையின்போது, குளிர்காலத்தில், இயேசு எருசலேம் தேவாலயத்தில் சாலொமோனின் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று யோவான் 10:22-23 கூறுகிறது. அவர் அப்பண்டிகையைக் கண்டித்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கடவுள் செய்த மீட்பை நினைவுகூர மக்கள் தாமாகவே ஒரு நாளை ஒதுக்கலாம் என்பதற்கு இந்த இரண்டும் போதிய முன்மாதிரி என்று பெரும்பாலான சபைகள் கருதுகின்றன. நானும் அவ்வாறே கருதுகிறேன்.

அப்படியிருக்க, சில கிறிஸ்தவர்கள் இவற்றை ஏன் ஆசரிப்பதில்லை?

அவர்களுடைய நிலைப்பாட்டைப் பலர் வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது வருந்தத்தக்கது, ஏனெனில் அதன் பின்னால் ஆழமான ஓர் இறையியல் இருக்கிறது. ஆராதனையில் கடவுள் கட்டளையிட்டவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. மனிதர் தம் விருப்பப்படி சேர்ப்பவை, நல்ல எண்ணத்தோடு சேர்க்கப்பட்டாலும், காலப்போக்கில் மனச்சாட்சியைக் கட்டும் விலங்குகளாகிவிடும் என்பது அவர்களுடைய வாதம். இடைக்காலத் திருச்சபையின் நாட்காட்டியில் புனிதர்களின் திருநாட்கள் நிறைந்து, அவற்றைக் கடைப்பிடிப்பதே பக்தியின் அளவுகோலாகக் கருதப்பட்ட காலத்தில் எழுந்த வாதம் இது.

பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சபைகளைத் தோற்றுவித்த சீர்திருத்த இயக்கத்துக்குள்ளேயே இதில் ஒரே குரல் இருக்கவில்லை. லுத்தரன் சபைகளின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, பாவமின்றி ஆசரிக்கக்கூடிய திருநாட்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை இரட்சிப்புக்குத் தேவையானவை என்று எவருடைய மனச்சாட்சியின் மேலும் பாரம் சுமத்தக்கூடாது என்றது. சுவிட்சர்லாந்துச் சீர்திருத்த சபைகளின் 1566ஆம் ஆண்டு இரண்டாம் ஹெல்வெட்டிய அறிக்கை, கிறிஸ்துவின் பிறப்பு, பாடு, உயிர்த்தெழுதல், பரமேறுதல், ஆவியானவரின் வருகை ஆகியவற்றைக் கிறிஸ்தவ சுயாதீனத்தோடு நினைவுகூரும் சபைகளை மனமார ஏற்றது. மாறாக, 1645இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியலாளர் மன்றம் தயாரித்த வழிபாட்டு ஒழுங்கு, ஆண்டுப் பண்டிகைகளுக்குக் கடவுளுடைய வார்த்தையில் ஆதாரம் இல்லை என்பதால் அவை தொடரக்கூடாது என்று அறிவித்தது.

இந்த மறுப்பு சட்டமாக மாறியபோதுதான் விபரீதம் நேர்ந்தது. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய பண்டிகைகளை ஒழித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கான்டர்பரி நகரில் கலவரமே மூண்டது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதிக்கும் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான். ஒரு பண்டிகையைச் சட்டத்தால் திணிப்பதும் சட்டத்தால் தடுப்பதும், மனச்சாட்சிக்குள் அரசு கைநீட்டுவதில், ஒரே வகையான தவறுகள் என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பவுல் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறாரே?

கலாத்தியருக்கு எழுதும்போது, நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் ஆசரிப்பதைக் கண்டு தம் உழைப்பு வீணாயிற்றோ என்று அஞ்சுகிறார். ரோமருக்கு எழுதும்போதோ, ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமுள்ளவனாக இருக்கட்டும் என்கிறார். கலாத்தியாவில் நாட்களை ஆசரிப்பது கடவுளுக்கு முன் நீதிமானாக்கப்படும் வழியாகப் போதிக்கப்பட்டது. ரோமாபுரியிலோ அது கர்த்தருக்கென்று மனமுவந்து செய்யப்பட்டது. செயல் ஒன்றாயினும், அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை வேறு. ஆகவே ஆசரிப்பவர் ஆசரிக்காதவரை விசுவாசத்தில் குறைந்தவராகவும், ஆசரிக்காதவர் ஆசரிப்பவரை அஞ்ஞானியாகவும் எண்ணுவதற்கு ரோமர் 14 இடம் தருவதில்லை.

டிசம்பர் 25 சூரிய வழிபாட்டாரின் பண்டிகையாக இருந்ததல்லவா?

மிகுந்த உறுதியோடு சொல்லப்படும் இந்தக் கூற்றுக்கு இருக்கும் ஆதாரம் அந்த அளவுக்கு உறுதியானதன்று. ரோமப் பேரரசன் அவுரேலியன் 274இல் வெல்லப்படாத சூரியனுக்கு ரோமில் ஆலயம் எழுப்பியது உண்மை. ஆனால் டிசம்பர் 25இல் சூரியனின் பிறந்தநாள் கொண்டாடப்பட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமானிய நாட்காட்டித் தொகுப்பில் உள்ளது. கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள் அதுவே என்று குறிக்கும் பட்டியலும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. எனவே யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதை அந்த ஆவணத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

மற்றொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள் மார்ச் 25 என்று மேற்கத்தியத் திருச்சபையில் பழங்காலத்திலேயே கணிக்கப்பட்டது; அவர் கருவில் உருவான நாளும் அதுவே என்ற நம்பிக்கையும் இருந்தது; அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வரும். கிழக்கில் ஜனவரி 6 என்ற தேதி நிலைத்தது; ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே பிறப்புவிழாவை ஆசரிக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு டிசம்பர் 25 என்பது பொது நாட்காட்டியில் ஜனவரி 7 ஆகிறது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, இயேசு பிறந்த தேதி நமக்குத் தெரியாது என்பதே நேர்மையான பதில். பிறந்த தேதியை மறைத்த சுவிசேஷகர்கள் பிறப்பை மறைக்கவில்லை; திருச்சபை கொண்டாடுவது பிறப்பையே.

சூரிய வழிபாட்டின் நிழல் அங்கே அறவே இருக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமின் ஆயரான லியோ, பேதுருவின் ஆலயப் படிகளில் ஏறும்போது திரும்பி நின்று உதிக்கும் சூரியனை வணங்கிய கிறிஸ்தவர்களைக் கடிந்துகொண்டார். அகுஸ்தீனும் இந்நாளைக் குறித்துப் பிரசங்கிக்கையில், சூரியனுக்காக அன்றி அதைப் படைத்தவருக்காக இதை ஆசரியுங்கள் என்று அறிவுறுத்தினார். இருவரும் நாளை மாற்றச் சொல்லவில்லை. இருதயத்தைத் திருப்பச் சொன்னார்கள்.

மரம், விளக்கு, பரிசு போன்றவை விக்கிரக ஆராதனையின் மிச்சங்களா?

எரேமியா 10ஆம் அதிகாரத்தைக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதிராக மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் செதுக்கி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணியடிப்பதைப் பற்றி அந்தப் பகுதி பேசுகிறது; அதாவது விக்கிரகம் செய்யப்படுவதைப் பற்றி. வீட்டில் நிறுத்திய மரத்தின் முன் எவரும் விழுந்து வணங்கவில்லை என்றால் அந்தக் கண்டனம் இங்கே பொருந்தாது. அலங்காரப் பொருளுக்குத் தன்னில்தானே புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை. அது இல்லாமல் பண்டிகை இல்லை என்ற நிலை வந்துவிட்டால் மட்டும் அதை விலக்கிவைத்துப் பார்ப்பது நல்லது.

மதச்சார்பற்ற அரசு கிறிஸ்தவப் பண்டிகைக்கு விடுமுறை அளிப்பது முறையா? விசுவாசிகள் அதை உரிமையாகக் கோரலாமா?

விடுமுறைக்கு அரசும் நீதிமன்றங்களும் சொல்லும் காரணம் பொதுவாக உலகியல் சார்ந்தது. அமெரிக்கா 1870இல் கிறிஸ்துமஸைக் கூட்டாட்சி விடுமுறையாக்கியது. ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்புச் சட்டங்கள் பற்றிய வழக்கில் 1961இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவை சமய நோக்கில் பிறந்தாலும் இப்போது எல்லாருக்கும் பொதுவான ஓய்வுநாளை உறுதிசெய்கின்றன என்று சொல்லி அனுமதித்தது. கனடாவின் உச்ச நீதிமன்றமோ 1985இல், ஞாயிற்றுக்கிழமை வணிகத்தைத் தடுத்த கர்த்தருடைய நாள் சட்டத்தை, ஒரு சமயத்தின் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும்படி மற்றவர்களைக் கட்டாயப்படுத்துவதே அதன் நோக்கம் என்று கூறிச் செல்லாததாக்கியது. இரண்டு தீர்ப்புகளும் தத்தம் வழியில் நியாயமானவை; ஆனால் இரண்டிலும் நாம் கவனிக்க வேண்டியது, விடுமுறையைத் தக்கவைக்க அரசு சொல்லும் காரணமும் நாம் அந்நாளை ஆசரிக்கும் காரணமும் ஒன்றல்ல என்பதே.

ஆகவே பொது விடுமுறையை நன்றியோடு ஏற்றுக்கொள்ளலாம். அது திருச்சபைக்கு உரிய சொத்து என்று போராடத் தேவையில்லை. நமக்குக் கேட்பதைப் பிறருக்கும் கேட்க வேண்டும்: நம் பண்டிகைக்கு விடுமுறை நியாயம் என்றால், மற்றச் சமயத்தார் தங்கள் திருநாளில் வேலையிலிருந்தும் தேர்விலிருந்தும் விலக்குக் கேட்பதும் நியாயமே.

அரசு விடுமுறையை எடுத்துவிட்டால் பண்டிகை அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் வரலாறு பதில் தருகிறது. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793இல் பத்து நாள் வாரம் கொண்ட புதிய நாட்காட்டியைக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமையையே அகற்றினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நாட்காட்டிதான் மறைந்தது. சோவியத் ஒன்றியம் 1929இல் ஐந்து நாள் தொடர் வேலை வாரத்தைப் புகுத்தியது. கிறிஸ்துமஸ் பொது நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரஷ்யாவில் ஜனவரி 7 மறுபடியும் விடுமுறையானது. கியூபாவில் 1969இல் எடுக்கப்பட்ட விடுமுறை, போப் இரண்டாம் ஜான் பாலின் வருகையை முன்னிட்டு 1997இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் சிலர் மறைவாகவும் சிலர் தண்டனைக்கு ஆளாகியும் பண்டிகையைக் காத்தார்கள். அவர்களுக்கு எந்த அரசும் நாள் ஒதுக்கித் தரவில்லை.

அரசுக் கட்டடங்களில் கிறிஸ்துமஸ் குடில் அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தலாமா?

அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோவில் குடில் அமைத்தது, கடவுள் ஏழையாகப் பிறந்ததை ஏழை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காக. இன்று அதே குடில் நீதிமன்றங்களில் எப்படி நிலைக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் பாட்டக்கெட் நகராட்சி அமைத்த குடிலை உச்ச நீதிமன்றம் 1984இல் அனுமதித்தது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், சாண்டா கிளாஸ், கலைமான்கள், அலங்கார மரம் ஆகியவற்றோடு சேர்த்து அது விடுமுறைக் காலக் காட்சியின் ஒரு பகுதியாக இருந்தது என்பது. 1989இல் பிட்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனியாக வைக்கப்பட்ட குடிலை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் 2016இல், பண்பாடு, கலை அல்லது விழாத் தன்மை கொண்ட தற்காலிக அமைப்பாக, எந்தச் சமயத்துக்கும் அரசின் அங்கீகாரம் என்று பொருள்படாதவாறு இருந்தால் மட்டுமே குடில் வைக்கலாம் என்றது.

பாட்டக்கெட் வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிளாக்மன், இப்படிக் கிடைக்கும் வெற்றியில் குடில் தன் சொந்தப் பொருளை இழந்து, வணிகத்துக்குப் பயன்படும் ஒரு பருவகால அடையாளமாகிவிடுகிறது என்று சுட்டிக்காட்டினார். வழக்கில் வென்ற விசுவாசிகள் அவருடைய சொற்களை நிதானமாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முன்னணையில் கிடக்கும் குழந்தை யார் என்று சொல்லாமல் இருப்பதே அதை அங்கே வைப்பதற்கான நிபந்தனை என்றால், அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதில் இழப்பு அதிகமில்லை. ஆலய வாசலிலும் வீட்டு முற்றத்திலும் வைக்கும் குடிலுக்கு இந்த நிபந்தனை இல்லை.

'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' என்பதற்குப் பதில் 'விடுமுறைக்கால வாழ்த்துகள்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதை எதிர்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வாழ்த்துபவர் நல்லெண்ணத்தோடு வாழ்த்துகிறார். அதற்குத் திருத்தம் சொல்வது அன்பின் செயலாகாது. நம்பாத ஒருவரைக் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்துவதால் கிறிஸ்துவுக்கு மகிமை சேர்வதுமில்லை. அதே வேளையில், நாம் வாழ்த்தும்போது நம் பண்டிகையை அதன் பெயராலேயே சொல்லத் தயங்கவும் வேண்டாம். அந்தப் பெயர் ஒருவரையும் காயப்படுத்துவதற்காகச் சொல்லப்படவில்லை என்பது, சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

வணிகமயமாகிவிட்ட கொண்டாட்டத்திலிருந்து விலகியிருப்பது எப்படி?

இந்தக் கவலை புதிதன்று. 380ஐ ஒட்டிய ஆண்டில் நசியான்சுஸ் நகர் கிரகோரி தம் பிறப்புவிழாப் பிரசங்கத்தில், வாசல்களை மாலைகளால் அலங்கரிப்பதையும் நடனங்களையும் ஆடம்பர விருந்துகளையும் விட்டுவிட்டு, இந்நாளைக் கடவுளுக்கு உரிய விதத்தில் கொண்டாடுங்கள் என்று வேண்டினார்.

திருச்சபையின் நாட்காட்டியே இதற்கு ஒரு மருந்தை வைத்திருக்கிறது. மேற்கத்தியச் சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் திருவருகைக் காலம். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் அது நாற்பது நாள் நோன்பு. பொது நாட்காட்டியில் இந்த வாரங்கள்தான் வாங்குவதும் விருந்துண்பதும் உச்சத்தில் இருக்கும் காலம். டிசம்பர் 26இல் எல்லாம் முடிந்துவிடும். திருச்சபைக்கோ 25இல்தான் பண்டிகை தொடங்குகிறது. அது ஜனவரி 6 வரை நீடிக்கிறது. காத்திருக்கும் நாட்களில் காத்திருந்து, கொண்டாடும் நாட்களில் கொண்டாடும் ஒரு குடும்பம், ஒருவரையும் கண்டிக்காமலேயே வேறொரு காலக்கணக்கில் வாழத் தொடங்கிவிடுகிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் இது பொருந்தும். பெரிய வெள்ளியைக் கடக்காமல் ஈஸ்டரின் மகிழ்ச்சிக்குள் நுழைய வழியில்லை. வணிகம் அந்த வெள்ளியை விரும்புவதில்லை.

விசுவாசமில்லாதவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது பண்டிகையை அவமதிப்பதாகுமா?

ஆகாது. நற்செய்தி எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் என்று தேவதூதன் மேய்ப்பர்களிடம் சொன்னபோது அதற்கு வேலி போடவில்லை. அந்நாளில் குடும்பத்தோடு கூடி மகிழ்பவரை அந்நியராகப் பார்ப்பதைவிட, விரும்பினால் ஆராதனைக்கு வரலாம் என்று அழைப்பது மேல்.

மற்றச் சமயத்தாரின் பண்டிகைகளில் ஒரு கிறிஸ்தவர் பங்கேற்கலாமா?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பவுல் மிக நுட்பமான ஒரு கோடு போடுகிறார். விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்ட இறைச்சி கடையில் விற்கப்பட்டால் விசாரிக்காமல் வாங்கி உண்ணலாம். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம், வைப்பதை உண்ணலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சியின் பொருட்டு உண்ண வேண்டாம். விக்கிரகத்தின் பீடத்தோடு ஐக்கியப்படும் வழிபாட்டு உணவிலோ பங்கேற்கவே கூடாது. நட்பும் விருந்தும் ஒருபுறம், ஆராதனை மறுபுறம் என்று அவர் பிரிக்கிறார்.

திருச்சபையின் தந்தையர் எனப்படும் ஆரம்ப நூற்றாண்டுகளின் ஆசிரியர்கள் காலத்தில் இந்தக் கோடு கடுமையாகவே வரையப்பட்டது. விக்கிரக ஆராதனையைப் பற்றி எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் சத்துர்னாலியா போன்ற ரோமப் பண்டிகைகளில் பரிசு பரிமாறிக்கொள்கிறார்களே என்று வேதனைப்பட்டார். ரோமர்கள் நம் திருநாட்களில் ஒருபோதும் கலந்துகொள்வதில்லை, கிறிஸ்தவர்கள் என்று தோன்றிவிடுவோமோ என அஞ்சுகிறார்கள், நமக்கு அந்த அச்சம்கூட இல்லை என்றார். அவர் எச்சரித்த ஆபத்து உண்மையானது. எனினும் பழைய ஏற்பாட்டில் மென்மையான ஒரு காட்சியும் இருக்கிறது: குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் அரசன் ரிம்மோன் கோவிலில் பணியும்போது தன் கையில் சாய்ந்துகொள்வதால் தானும் குனிய நேரிடும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்று கேட்டான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல், சமாதானத்தோடே போ என்றான்.

ஆகவே வாழ்த்தலாம், வீட்டுக்குப் போகலாம், அவர்களுடைய மகிழ்ச்சியில் மகிழலாம். வழிபாட்டுச் செயல் ஒன்றைச் செய்யும்படி கேட்கப்பட்டால் பணிவோடு மறுக்கலாம். உண்மையில் தம் நம்பிக்கையைக் கருத்தாகப் பின்பற்றும் பிற சமயத்தவர்கள் இந்த மறுப்பைப் பெரும்பாலும் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்ற சமாளிப்பைவிட இதை அவர்கள் மதிக்கவும் செய்கிறார்கள்.

பிள்ளைகளிடம் சாண்டா கிளாஸைப் பற்றி என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக நிக்கோலாஸ் என்பவர் இருந்தார்; மறைவாகத் தானம் செய்தவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது; டிசம்பர் 6 அவருடைய நினைவுநாள். அவருடைய பெயரே உருமாறிச் சாண்டா கிளாஸ் ஆயிற்று. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்குச் சிவப்பு அங்கி அணிந்த உருவம் ஒரு விளையாட்டு என்பதும், கொடுத்தது தெரியாமல் கொடுப்பது விளையாட்டல்ல என்பதும் ஒருசேரப் புரியும்.

பண்டிகை நாளில் வேலை செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அது பாவமா?

இல்லை. நோயாளிகளைக் கவனிப்பவர், தீயணைப்புப் பணியில் இருப்பவர், வாகனம் ஓட்டுபவர் எனப் பலருடைய உழைப்பின் மீதுதான் மற்றவர்களின் விடுமுறை நிற்கிறது. விடுப்புக் கேட்க உரிமை இருந்தால் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மனம் வருந்தலாம், குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் நீதிபதிகளும் நகரமக்களும் ஓய்வெடுக்க வேண்டும் என்று கான்ஸ்டன்டைன் சட்டம் இயற்றியது 321இல். அதற்கு முந்தைய ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்களுக்கு உயிர்த்தெழுந்த நாள் ஒரு சாதாரண வேலைநாளாகவே இருந்தது. 112ஐ ஒட்டிய ஆண்டில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் அவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார்: குறித்த ஒரு நாளில், பொழுது விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுவார்கள், பின்பு கலைந்து போய்விடுவார்கள். பண்டிகை நாளில் அதிகாலைப் பணிக்குப் புறப்படும் ஒருவர், கதவைத் திறப்பதற்கு முன் ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபித்துவிட்டுப் போனால், அந்த முதல் கிறிஸ்தவர்கள் செய்ததையே அவரும் செய்கிறார்.